ட்ராவல் ட்ரெய்லரில் விளக்கு எரியவில்லையா? அறிகுறியைப் பார்த்து கோளாறைப் பிடிக்கும் முறை

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிக்கப் அல்லது எஸ்.யூ.வி.க்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் ட்ராவல் ட்ரெய்லரைப் பற்றியது இது. இதில் மூன்று மின்சாரம் இருக்கிறது. டெயில் லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஓரத்தில் எரியும் சின்ன விளக்குகள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் வண்டியிலிருந்து 7 முனை பிளக் வழியாக வருகிறது. உள்ளே இருக்கும் விளக்குகள், தண்ணீர் பம்ப், ஃபேன் எல்லாம் ட்ரெய்லரின் சொந்த 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகின்றன. ஏ.சி., மைக்ரோவேவ், சுவர் பிளக் ஆகியவை முகாமில் கேபிள் மாட்டினால் வரும் 120 வோல்ட்டில் ஓடுகின்றன. எரியாத விளக்கு இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். உள்விளக்கு எரியாததற்கு வண்டியின் ஃப்யூஸ் பெட்டியைக் குடைவது வீண் வேலை.

கையில் வேண்டியவை: மல்டிமீட்டர் ஒன்று, பழைய மாதிரி ஃபிலமென்ட் பல்ப் உள்ள 12 வோல்ட் டெஸ்ட் லைட் ஒன்று, நடுவில் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போட்ட ஒரு மீட்டர் நீள ஜம்பர் வயர், இருபுறமும் கிளிப் வைத்த ஐந்தாறு மீட்டர் நீள சாதா வயர், கம்பி பிரஷ், உப்புத்தாள், எலக்ட்ரிகல் கான்டாக்ட் கிளீனர், முனைகளில் ஈரம் புகாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ். டெஸ்ட் லைட் எதற்கு, மீட்டர் போதாதா என்று கேட்பார்கள். போதாது. வயரின் பத்தொன்பது இழைகளில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் மிச்சமிருந்தாலும் மீட்டர் 12.6 வோல்ட் என்றுதான் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. ஃபிலமென்ட் பல்ப் கரண்ட் இழுக்கும். அந்த ஒற்றை இழை அதைத் தாங்காது, பல்ப் மங்கிவிடும். எல்.இ.டி. வைத்த டெஸ்ட் லைட்டும் மீட்டரைப் போலவே ஏமாற்றும்.

முதலில் வண்டியா ட்ரெய்லரா என்று பிரியுங்கள்

பிளக்கைக் கழற்றுங்கள். வண்டியின் சாக்கெட்டில் டெஸ்ட் லைட்டின் கிளிப்பை சாக்கெட்டின் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) முனையிலேயே மாட்டுங்கள்; வண்டியின் பாடியில் மாட்டினால் சாக்கெட்டின் எர்த் கெட்டுப்போயிருப்பது தெரியாமலே போய்விடும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஹெட்லைட், இடது இண்டிகேட்டர், வலது, பிரேக், ரிவர்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட, நீங்கள் முனை முனையாகத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் பளிச்சென்று எரிந்தால் வண்டி சரி, கோளாறு ட்ரெய்லரில். இல்லையென்றால் ட்ரெய்லரைத் தொடவே வேண்டாம்.

வண்டிப் பக்கம் பெரும்பாலும் ஃப்யூஸ்தான். டிரெய்லர் இடது, டிரெய்லர் வலது, டிரெய்லர் பார்க்கிங் லைட், ட்ரெய்லர் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் சார்ஜ் லைன் என்று தனித்தனி ஃப்யூஸும் ரிலேயும் இருக்கும்; வண்டியின் சொந்த டெயில் லைட் எரிவதால் ட்ரெய்லர் ஃப்யூஸ் நல்லதாக இருக்கிறது என்று ஆகாது. புதிய பிக்கப்கள் பலவற்றில் ஃப்யூஸுக்குப் பதில் கம்ப்யூட்டர் மாட்யூலே அந்த வேலையைச் செய்கிறது. ஷார்ட் கண்டால் அந்த வழியை மூடிவிடும். ஷார்ட்டைச் சரிசெய்து, சாவியை அணைத்துப் போட்டால்தான் திரும்பத் திறக்கும். பிரேக்குக்குச் சிவப்பும் இண்டிகேட்டருக்கு ஆரஞ்சும் தனித்தனியாக உள்ள வண்டிகளில் இரண்டையும் ஒரே வயராகச் சேர்த்துக் கொடுக்கும் சின்னக் கன்வெர்ட்டர் பெட்டி இருக்கும். அதன் அளவுக்கு மேல் பல்ப் சேர்த்தால் அதுதான் முதலில் போகும்.

இப்போது ட்ரெய்லர் பக்கம். வண்டியே இல்லாமல் சோதிக்க ஒரு வழி உண்டு, இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. ட்ரெய்லர் பிளக்கின் கறுப்பு வயர் முனை ட்ரெய்லரின் சொந்த பேட்டரியோடு இணைந்திருக்கிறது. அதாவது பிளக் கழன்று கிடக்கும்போதும் அந்த முனையில் 12 வோல்ட் நிற்கிறது. ஃப்யூஸ் போட்ட ஜம்பரின் ஒரு முனையைக் கறுப்பிலும் மறு முனையைப் பச்சையிலும் வையுங்கள். டெயில் லைட்டும் ஓர விளக்குகளும் எரிய வேண்டும். சிவப்பில் வைத்தால் இடது, பழுப்பில் வைத்தால் வலது. நீலத்தில் வைத்தால் பிரேக் பிடித்துக்கொள்ளும், அப்போது ஜம்பரின் 10 ஆம்பியர் ஃப்யூஸ் போய்விடலாம், ஆகவே அதைத் தொடாதீர்கள். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு வைத்தால் நேரடி ஷார்ட்.

வயர் நிறம் ஏமாற்றும் இடம்

ட்ராவல் ட்ரெய்லர்களில் வழக்கமாக வரும் நிறங்கள்: வெள்ளை எர்த், கறுப்பு 12 வோல்ட் சார்ஜ், நீலம் பிரேக், பச்சை டெயில் மற்றும் ஓர விளக்கு, சிவப்பு இடது, பழுப்பு வலது, மஞ்சள் ரிவர்ஸ். ரிவர்ஸ் முனை நடுவில் இருக்கும் உருண்டைக் குச்சி. ஆனால் படகு ட்ரெய்லர், சரக்கு ட்ரெய்லர்களில் வரும் 4 முனை தட்டை பிளக்கில் பழுப்பு என்பது டெயில், மஞ்சள் இடது, பச்சை வலது. கடையில் வாங்கிய புதுப் பிளக்கின் நிறத்தோடு பழைய வயரின் நிறத்தைப் பொருத்தி மாட்டினால், ஹெட்லைட் போட்டதும் வலது பிரேக் லைட் நிரந்தரமாக எரியும், வலது இண்டிகேட்டர் போட்டால் ட்ரெய்லர் முழுக்க மின்னும். பிளக் மாற்றிய அன்றே கோளாறு தொடங்கியதென்றால் வேறு எதையும் தேட வேண்டாம். நிறத்தை மறந்துவிட்டு, எந்த வயருக்கு மின்சாரம் கொடுத்தால் எந்த விளக்கு எரிகிறது என்று ஜம்பரால் பார்த்து, மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டிவிட்டுப் பிறகு மாட்டுங்கள்.

அறிகுறி: விளக்குகள் மங்கல், அல்லது ஒன்றைப் போட்டால் இன்னொன்று சேர்ந்து மின்னுகிறது

இது எர்த். இந்த வகைக் கோளாறில் பல்ப், ஃப்யூஸ் மாற்றிப் பணத்தை வீணாக்குவதற்கு முன் எர்த்தைப் பாருங்கள்.

ஏன் என்று புரிந்தால் தேடுவது எளிது. பின்னால் உள்ள 1157 பல்பில் இரண்டு ஃபிலமென்ட் இருக்கிறது: பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் சுமார் 2.1 ஆம்பியர் இழுக்கும் பெரியது, டெயில் லைட்டுக்கு 0.6 ஆம்பியர் இழுக்கும் சிறியது. இரண்டும் ஒரே எர்த்தில் முடிகின்றன. அந்த எர்த் அறுந்தால் இண்டிகேட்டரின் கரண்ட் பெரிய ஃபிலமென்ட் வழியாக வந்து போக வழியில்லாமல் சிறிய ஃபிலமென்ட்டின் வழியே பின்னோக்கி டெயில் வயருக்குள் நுழைகிறது. அங்கிருந்து மற்ற விளக்குகளின் எர்த்தைத் தேடிப் போகிறது. அதனால்தான் இடது இண்டிகேட்டர் போட்டால் வலப்பக்க டெயில் லைட்டும் கூரை ஓர விளக்குகளும் லேசாகத் துடிக்கின்றன. ஹெட்லைட் போட்டபடி பிரேக் மிதித்தால் டெயில் லைட் கூடுவதற்குப் பதில் குறைவதும் இதே கதைதான்.

ஒரு பக்கம் மட்டும் இப்படி ஆனால் அந்த விளக்கின் எர்த். இரண்டு பக்கமும் ஆனால் பிளக்கின் வெள்ளை வயர் அல்லது முன்பக்கச் சட்டத்தில் அது போல்ட் போட்டிருக்கும் இடம். ஒரு அடையாளம் சொல்கிறேன்: ட்ரெய்லர் வண்டியின் பின்னால் மாட்டும் இரும்புப் பந்தில் (ஹிட்ச் பந்து) அமர்ந்திருக்கும்போது விளக்கு எரிகிறது, மேடுபள்ளத்தில் மின்னுகிறது, பிளக் மட்டும் மாட்டி ட்ரெய்லரைப் பந்திலிருந்து தூக்கிவிட்டால் அணைந்துவிடுகிறது என்றால், வெள்ளை வயர் செத்துவிட்டது, எர்த் ஹிட்ச் பந்தின் வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. பந்தில் கிரீஸ் தடவிய நாளில் விளக்குகள் நின்றுபோகும்.

உறுதி செய்ய, நீள வயரின் ஒரு கிளிப்பைப் பிளக்கின் வெள்ளை முனையிலும் மற்றதைச் சந்தேகமுள்ள விளக்கின் எர்த் வயரிலும் மாட்டுங்கள். பளிச்சென்று எரிந்தால் முடிந்தது. மீட்டரால் பார்ப்பதானால் விளக்கைப் போட்ட நிலையில், கறுப்புக் குச்சியை வெள்ளை முனையிலும் சிவப்புக் குச்சியை விளக்கின் எர்த்திலும் வைத்து வோல்ட் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது, 0.5ஐத் தாண்டினால் நடுவில் எங்கோ துரு. விளக்கு அணைந்திருக்கும்போது இந்த அளவு எதையும் சொல்லாது.

சரிசெய்யும்போது, பழைய ஸ்குரூவை இன்னும் முறுக்கி இறுக்குவது இரண்டு மாதம்தான் தாங்கும். கழற்றி, பெயின்ட்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, புது ரிங் டெர்மினலும் பல் வைத்த வாஷரும் போட்டு இறுக்கி, அதன் பிறகு மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசுங்கள். சாலையில் பனிக்காலத்தில் உப்பு கொட்டும் ஒன்டாரியோ, மிச்சிகன் போன்ற இடங்களில் ஓடும் ட்ரெய்லருக்கு, சட்டத்தை நம்பாமல் பின்விளக்கு இரண்டிலிருந்தும் முன்னால் உள்ள வெள்ளை வயர் வரை தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிடுவது நல்லது. அரை நாள் வேலை, பல வருட நிம்மதி.

அறிகுறி: எந்த வெளி விளக்கும் எரியவில்லை

வண்டி சாக்கெட் சரி என்று பார்த்தாயிற்று என்றால், பிளக்கையும் முன்சட்டத்தில் உள்ள சின்ன இணைப்புப் பெட்டியையும் பாருங்கள். பிளக்கின் தட்டை முனைகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் கிளீனர் அடித்து உப்புத்தாளால் தேய்த்து, மிக மெல்லியதாக டைஎலக்ட்ரிக் கிரீஸ். வண்டிச் சாக்கெட்டின் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகள் விரிந்துபோய்ப் பிடிப்பு இல்லாமலும் இருக்கும். சின்ன ஸ்குரூ டிரைவரால் லேசாக நெருக்கினால் போதும். சாக்கெட்டில் மின்சாரம் உண்டென்பதை நினைவில் வைத்து, ட்ரெய்லர் பேட்டரியைத் துண்டித்து, வண்டியின் சாவியை எடுத்து, சார்ஜ் லைன் ஃப்யூஸையும் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். இணைப்புப் பெட்டி மூடியைத் திறந்தால் ஏழு போல்ட்டில் நிறம் நிறமாக வயர் இருக்கும். இங்கே தண்ணீர் புகுந்திருந்தால் முனைகள் உப்பி வெளுத்திருக்கும்.

கழற்றிய பிளக்கைத் தரையில் போடாதீர்கள். கறுப்பு முனையில் எப்போதும் 12 வோல்ட் நிற்பதால், ஈரத்தில் அது பக்கத்து முனைகளோடு மின்வேதிப்படி அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு மழைக்காலத்தில் முனை தின்றுபோகும். வாய் கீழ்நோக்கித் தொங்கும்படி ஒரு கொக்கியில் மாட்டுங்கள்.

அறிகுறி: ஒரே ஒரு விளக்கு மட்டும்

பல்பைக் கழற்றி மாற்றிப் பாருங்கள். 1157க்குப் பதில் 1156 போட்டு அழுத்தித் திணித்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அது ஒரே ஃபிலமென்ட் பல்ப், சாக்கெட்டின் இரண்டு முனைகளையும் ஒன்றாக்கிவிடும், டெயில் லைட்டைப் போட்டால் பிரேக் வயரிலும் மின்சாரம் ஏறும். 1157இன் இரண்டு பக்கக் குமிழ்கள் ஒன்றுக்கொன்று மேலும் கீழுமாக இருக்கும். 1156இல் நேராக இருக்கும். பல்ப் நல்லது, சாக்கெட்டுக்கு மின்சாரம் வரவில்லை என்றால் பின்னோக்கித் தேடுங்கள். வழியில் நீல நிறப் பிளாஸ்டிக் கடிப்பான் கனெக்டர் கண்ணில் பட்டால் அதுதான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். வயரின் தோலைக் கீறிக் கவ்வும் அந்த வகை, வீட்டுக்குள் வேலை செய்யும், சட்டத்துக்கு அடியில் உப்புத் தண்ணீரில் நிற்காது. வெட்டி எறிந்துவிட்டு, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டும் கனெக்டரைப் போடுங்கள். விளக்கு வயருக்கு 14 கேஜ், பிரேக்குக்கு 12, சார்ஜுக்கும் எர்த்துக்கும் 10 இருந்தால் நல்லது (கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிமன்).

அறிகுறி: ஓர விளக்குகள் வரிசையாக எரியவில்லை

கூரைக்கு அருகில் முன்னால் ஆரஞ்சும் பின்னால் சிவப்புமாக உள்ள விளக்குகள் அமெரிக்கச் சட்டப்படி 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள ட்ரெய்லருக்குக் கட்டாயம். பின்னால் நடுவில் மூன்று சிவப்பு விளக்கும் சேர்த்து. இவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சங்கிலியாக வயர் போட்டவை. மூன்றாவது வரை எரிந்து நான்காவதிலிருந்து அணைந்தால், கோளாறு மூன்றுக்கும் நான்குக்கும் இடையில். மூன்றாவது விளக்கின் மூடியைக் கழற்றி வெளியே போகும் வயரைப் பாருங்கள்.

மூடியைத் திறக்கும்போது உள்ளே ஈரமோ மண்ணோ இருந்தால், விளக்கை விட்டுவிட்டுச் சுவரை முதலில் கவனியுங்கள். இந்த விளக்குகளின் பின்னால் ஓட்டை, அதற்குப் பின்னால் மரச்சட்டம். ஆண்டுக்கணக்கில் தண்ணீர் இறங்கினால் மரம் மக்கிப்போகும். விரலால் அழுத்தினால் சுவர் அமுங்கினால் அது வயரிங் வேலை அல்ல, பெரிய வேலை. சரியாக இருந்தால் பிசின் போல ஒட்டித் தண்ணீரைத் தடுக்கும் பியூட்டைல் டேப்பை விளக்கின் அடியில் வைத்து மாட்டி, மேலேயும் இரு பக்கமும் மட்டும் சீலன்ட் இடுங்கள். அடிப்பக்கம் திறந்திருக்க வேண்டும். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக அதுதான் வழி.

அறிகுறி: ஃப்யூஸ் மாற்றினால் உடனே போகிறது

பெரிய ஃப்யூஸ் போடாதீர்கள். வயர் உருகி அதுவே ஃப்யூஸ் ஆகும், ட்ரெய்லர் முழுக்க மரமும் பிளாஸ்டிக்கும்தான். போன ஃப்யூஸின் இடத்தில் இரண்டு வயரால் ஒரு 1156 பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை பல்ப் முழுப் பிரகாசமாக எரியும். கரண்ட் பல்பின் அளவைத் தாண்டாது, எதுவும் உருகாது. இப்போது ட்ரெய்லரின் கீழே போய் வயரை அங்கங்கே அசைத்து, விளக்கை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். பல்ப் மங்கும் அல்லது அணையும் இடத்தில் ஷார்ட். முதலில் பார்க்க வேண்டியவை சட்டத்தின் ஓட்டை வழியாக வயர் நுழையும் இடம், வயரைப் பிடித்திருக்கும் உலோகக் கிளிப், அடித்தட்டைப் பொருத்திய ஸ்குரூ, எலி கடித்திருக்கும் அடிப்பகுதி.

அறிகுறி: எல்.இ.டி. விளக்கு துடிக்கிறது, அணைத்தபின்னும் மினுங்குகிறது

பழைய பல்பை எல்.இ.டி.யாக மாற்றிய பிறகு வந்தால் பெரும்பாலும் கோளாறே இல்லை. ட்ரெய்லர் மாட்டியிருக்கிறதா என்று அறிய வண்டியின் மாட்யூல் அவ்வப்போது ஒரு நொடித் துளியளவு மின்சாரம் அனுப்பும். ஃபிலமென்ட் அதற்குச் சூடேறாது, எல்.இ.டி. மின்னிவிடும். கரண்ட் குறைவாக இழுப்பதால் ட்ரெய்லர் கழன்றுவிட்டது என்ற எச்சரிக்கையும் வரலாம், இண்டிகேட்டர் வேகமாகவும் அடிக்கலாம். அந்த வயரில் எர்த்துக்குச் சேர்த்து ஒரு லோடு ரெசிஸ்டர் போட்டால் நிற்கும். அது நன்றாகச் சூடாகும், இரும்பில் பொருத்துங்கள், பிளாஸ்டிக்கிலோ மரத்திலோ அல்ல.

அறிகுறி: பிரேக் கன்ட்ரோலர் ட்ரெய்லர் இல்லை என்கிறது, அல்லது ஷார்ட் என்கிறது

பிரேக் கன்ட்ரோலர் என்பது வண்டிக்குள் இருந்து ட்ரெய்லரின் மின்சார பிரேக்கை இயக்கும் கருவி. விளக்கோடு ஒரே கேபிளில் வருவதால் இதையும் இங்கேயே பார்த்துவிடலாம். 10 அல்லது 12 அங்குல பிரேக் டிரம்மில் பிரேக்கைப் பிடிக்க வைக்கும் ஒரு மின்காந்தம் 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரண்டு அச்சு ட்ரெய்லரில் நான்கு காந்தம், மொத்தம் 12 ஆம்பியர். வண்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பிரேக்அவே சுவிட்ச்சின் (ட்ரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்க வைக்கும் சுவிட்ச்) குச்சியை இழுத்து, நீல வயரில் டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் போடுங்கள். சாதாரண மீட்டரில் 10 ஆம்பியருக்கு மேல் விட்டால் அதன் ஃப்யூஸ் போகும். 9 காட்டினால் ஒரு காந்தம் துண்டிப்பு, 6 என்றால் இரண்டு. 12ஐ விட மிக அதிகமென்றால் ஷார்ட். பார்த்ததும் குச்சியைத் திரும்பச் செருகுங்கள். நீண்ட நேரம் விட்டால் காந்தமும் சூடாகும், பேட்டரியும் இறங்கும்.

பல ட்ரெய்லர்களில் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்குப் பிரேக் வயரை அச்சுக் குழாயின் உள்ளேயே விட்டிருப்பார்கள். ஓட்டத்தில் அது குழாயின் சுவரில் உராய்ந்து தோல் தேயும். நிற்கும்போது சரி, மேடுபள்ளத்தில் ஷார்ட் என்ற அறிகுறி வந்தால் இதுதான். உள்ளே இருப்பதைச் சரிசெய்ய முயல வேண்டாம், புது வயரை அச்சின் பின்பக்கமாக வெளியே பொருத்துங்கள்.

அறிகுறி: உள்ளே விளக்கு மங்கல் அல்லது இல்லை

முகாம் கேபிள் மாட்டாத நிலையில் பேட்டரியை அளங்கள். 12.6 வோல்ட் என்றால் ஈய அமில பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே என்றால் விளக்கு மங்குவது இயல்பே. கேபிள் மாட்டியபின் 13.2க்கு மேல், பொதுவாக 13.6 காட்ட வேண்டும். அசையாமல் 12.3இலேயே நின்றால், 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கித் தரும் கன்வெர்ட்டர் பெட்டி (வண்டியின் விளக்குக் கன்வெர்ட்டர் வேறு) சார்ஜ் செய்யவில்லை.

அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கும் முன் கேபிளைக் கழற்றுங்கள். 12 வோல்ட் ஃப்யூஸுக்குப் பக்கத்திலேயே 120 வோல்ட் பிரேக்கர்கள் இருக்கின்றன. உள்ளே வரிசையாக உள்ள ஃப்யூஸ்களில் நீலம் 15 ஆம்பியர், மஞ்சள் 20. சில அறைகளில் மட்டும் விளக்கு இல்லையென்றால் அவற்றில் ஒன்று. எல்லாமே இல்லையென்றால் பேட்டரிக்கு அருகில் முன்சட்டத்தில் உள்ள சின்னப் பிரேக்கரையும் துண்டிப்புச் சுவிட்ச்சையும் பாருங்கள். வெளியே தள்ளும் அறை உள்ள ட்ரெய்லரில் அந்த அறையின் விளக்கு மட்டும், தள்ளும்போது அல்லது இழுக்கும்போது மட்டும் அணைந்தால், அறையின் அடியில் மடிந்து நீளும் வயர் ஓரிடத்தில் முறிந்திருக்கிறது.

கன்வெர்ட்டரில் தனியாகப் பெரிதாக இரண்டு ஃப்யூஸ் இருக்கும், பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியர். அவை பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் கன்வெர்ட்டரைக் காப்பாற்ற வைத்தவை. கார் பேட்டரியில் கறுப்பு என்றால் மைனஸ். ட்ரெய்லரின் 12 வோல்ட் வயரிங்கில் கறுப்பு பிளஸ், வெள்ளை மைனஸ். புது பேட்டரி மாற்றியவர் கார் பழக்கத்தில் கறுப்பை மைனஸில் மாட்டிவிடுவார், ஒரு தீப்பொறியோடு இரண்டு ஃப்யூஸும் போய்விடும். பேட்டரி மாற்றிய பின் சார்ஜ் நின்றுவிட்டது என்றால் வயரை முதலில் சரியாக மாட்டி, அதே ஆம்பியரில் இரண்டையும் மாற்றி, மூடியைப் போட்டபின் கேபிளைச் செருகி பேட்டரியில் அளங்கள். 13.6 வந்துவிட்டால் கன்வெர்ட்டர் தப்பித்தது.